வெள்ளிக்கிழமை வண்டி

நீதிபதி கசாரியன் பெரும்பாலான மனுக்களைக் காகிதத்தில் படித்தே முடித்துவிடுவார். நேரில் வாதம் கேட்பது அபூர்வம். ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார். புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல் யாராவது வாதாடப்போவதாக எழுதிக் கொடுத்தால் கட்டாயம் நேரம் ஒதுக்குவார். பெரியவர்களே பேசிக்கொண்டிருந்தால் சின்னவர்கள் எப்போதுதான் பேசுவது என்பது அவர் கேள்வி.

ரோவீனா பெல்ட்ரானுக்கு அந்த வியாழக்கிழமை கிடைத்தது அப்படித்தான். அவள் தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நீதிமன்றத்தில் அதுவரை பேசிய மிக நீளமான வாக்கியம், "காலை வணக்கம், யுவர் ஆனர், கூடுதல் நகல் கொண்டுவந்திருக்கிறேன்" என்பது.

"உன் திறமைக்காக அனுப்புறோம்னு நினைச்சுக்காத," என்றார் கில் ஆஸ்ட்ராண்டர். அலுவலகத்தின் இரண்டு முதலாளிகளில் ஒருவர் அவர். "நான் வர்றேன்னு எழுதினா அந்த ஜட்ஜம்மா கதவே திறக்காது. நீதான் நம்ம டிக்கெட்டு."

"டிக்கெட்டாவே இருந்துட்டுப் போறேன்," என்றாள் ரோவீனா.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு இரண்டு முறை குதித்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து, மனுவை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள்.

வழக்கு எளிமையானது. புளூ சைலோ என்கிற நிறுவனம் காலை உணவுக்கு ஓட்ஸ் விற்கிறது. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் 'குளூட்டன் இல்லை' என்று போட்டிருக்கும். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் அந்தப் புரதம் சில பேர் குடலுக்கு ஆகாது. துளி போனாலும் வயிற்றைப் புரட்டும். எட்டு வயது ஜூனிக்கு ஆகாது. ஜூனியின் அம்மா டார்லா நீஸ்வாண்டர் மொடெஸ்டோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தப் பெட்டியை நம்பி வாங்கிய எல்லார் சார்பிலும் அவள் பெயரில்தான் வழக்குப் போட்டிருந்தார்கள்.

ஜூனிக்கு மறுபடி மறுபடி வயிறு வலித்த அந்தக் குளிர்காலத்தில், எல்லாரும் டார்லாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். டாக்டர் நாசூக்காகக் கேட்டார். மாமியார் நேராகவே கேட்டாள். பிரிந்துபோன கணவன் வக்கீல் வைத்துக் கேட்டான். வீட்டில் வேறு எதையாவது கொடுத்தாயா? டார்லா ரொட்டி சுடும் கருவியைத் தூக்கி எறிந்தாள். வாணலிகளை மாற்றினாள். மர அகப்பைகளை எரித்தாள். அப்படியும் குழந்தை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தது. வீட்டுக்கு வந்த அன்று அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் டார்லா ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். ஓட்ஸையும்தான். குழந்தை தேறிவிட்டது. எதை நிறுத்தியதால் தேறியது என்று மட்டும் தெரியவில்லை.

"பெட்டியா, என் சமையலறையா?" என்று முதல் சந்திப்பிலேயே ரோவீனாவிடம் சொல்லியிருந்தாள். "அது தெரிஞ்சா போதும் எனக்கு. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க."

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஓட்ஸில் குளூட்டன் இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைப் பற்றி வாஷிங்டனில் உள்ள உணவுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பல பெட்டிகளைக் கலந்து சராசரி பார்த்தால் போதுமா, இல்லை ஒவ்வொரு கைப்பிடியும் தேற வேண்டுமா என்பது கேள்வி. ரோவீனா உயிர்வேதியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவள். அந்தக் கேள்வியின் எடை அவளுக்குத் தெரியும். பார்லி பக்கத்து வயலில் விளைகிறது, அதே லாரியில் பயணம் செய்கிறது. ஒரு பார்லி மணி ஒரு கிண்ணத்தில் விழும், அடுத்த நூறு கிண்ணத்தில் விழாது. சராசரி பார்த்தால் எல்லாம் சுத்தம். அந்த ஒரு கிண்ணத்தைச் சாப்பிட்ட குழந்தைக்கு மட்டும் சுத்தம் இல்லை.

வாரியம் முடிவு சொல்லும் வரை வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று புளூ சைலோ மனுப் போட்டிருந்தது. வாரியம் எப்போது சொல்லும் என்று வாரியத்துக்கே தெரியாது. அதே கட்டடத்தில் வேறு இரண்டு நீதிபதிகள் இதுபோன்ற வழக்குகளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அதுல ஒண்ணு படுத்து மூணு வருஷம் ஆச்சு," என்றார் கில். "கேஸ் போட்டப்ப அதுல வர்ற பையனுக்கு மீசை முளைக்கல. இப்ப ஷேவ் பண்றான்."

*

வியாழக்கிழமை காலை சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் டார்லா நின்றிருந்தாள். பேருந்து ஓட்டும்போது போடுகிற அதே தடித்த காலணி. தோளில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன் கண்ணு," என்றாள். "உனக்குப் பயமா இருக்கா?"

"இல்ல," என்றாள் ரோவீனா. அது உண்மை. காலையில் எழுந்ததிலிருந்து கால் தரையில் சரியாகப் படவில்லை என்பது போல இருந்தது. பயம் இப்படி இருக்காது.

பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் முன்னால் காவலர் டார்லாவை நிறுத்தினார். பைக்குள்ளிருந்து ஒரு ஓட்ஸ் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலைச் சாப்பாட்டக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வந்தது நீங்கதான் முதல் ஆளு."

"பசிச்சா என்ன பண்றது," என்றாள் டார்லா.

"பசிச்சாலும் இத சாப்பிடாதீங்க. போன மாசமே தேதி முடிஞ்சிருச்சு." மூடியில் அச்சிட்டிருந்ததை விரலால் தட்டிக்காட்டிவிட்டு உள்ளே வைத்தார்.

"லேபிள நீதிபதிகிட்ட காட்டலாம்னு எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் ரோவீனா. "இன்னைக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்காது டார்லா."

"வீட்ல கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்," என்றாள் டார்லா. லிஃப்ட் வந்துவிட்டது.

பதினெட்டாவது மாடியில் கில் ஏற்கெனவே வக்கீல் மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுக்காகிதம்.

"சீட்டு எழுதித் தர மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க," என்றாள் ரோவீனா.

"இது என் சொந்த உபயோகத்துக்கு."

எதிர்மேசையில் புளூ சைலோவின் வக்கீல் வெஸ்லி ட்ராப். உயரமானவர், நிதானமானவர், குரலில் வெண்ணெய் தடவியது போல இருக்கும். அவருக்குப் பின்வரிசையில் நிறுவனத்தின் சொந்தச் சட்ட அதிகாரி மிஸ் ஃபென்விக் ஒரு தோல் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி கசாரியன் வந்தார். உட்கார்ந்ததும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"முதல்லயே சொல்லிடறேன். வழக்க நிறுத்தி வைக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. எப்படிச் சோதிக்கணும்னு நிபுணருங்க உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கப்ப நான் எதுக்கு நடுவுல குதிக்கணும்? மிஸ் பெல்ட்ரான், என் மனச மாத்துங்க."

ரோவீனா எழுந்தாள். முதல் சொல் பாதியில் உடைந்தது. தண்ணீர் குடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது வாக்கியத்தில் குரல் திரும்பி வந்தது. மூன்றாவதில் நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி. அதற்கும் சொன்னாள். பந்து வருகிறது, அடிக்கிறோம், மறுபடி வருகிறது. இது இவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"சரி," என்றார் நீதிபதி. "நான் இப்ப வழக்க நடத்தி, ஜூரி உங்க பக்கம் தீர்ப்புச் சொல்லுது. அடுத்த மாசமே வாரியம் வந்து, சராசரி பாத்தா போதும்னு சொல்லுது. அப்ப அந்தத் தீர்ப்ப நான் எங்க வைக்கறது?"

"சட்டப்படி அது அப்பவும் செல்லும், யுவர் ஆனர்."

"சட்டப்படி செல்லும். ஆனா எனக்குத் தூக்கம் வருமா?"

ரோவீனாவிடம் இருந்த பதில் சரியானதுதான். நீதிபதியின் முகத்தில் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. கில் மேசைமேல் ஒரு மஞ்சள் சீட்டை நகர்த்தினார். 'ஷேவ் பண்ற பையன்' என்று எழுதியிருந்தது. அதையும் சொல்லிப் பார்த்தாள். நீதிபதி சிரித்தார். அவ்வளவுதான். எதிர்வாதத்துக்கு இரண்டு நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ட்ராப் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, யுவர் ஆனர். பழைய பெட்டி எதுவும் இப்ப கடையில இல்ல. வழக்கு கொஞ்ச நாள் தூங்கும். எழுந்திரிக்கும்போது எல்லாம் வச்ச இடத்துல அப்படியே இருக்கும். ஒவ்வொரு மின்னஞ்சலும், ஒவ்வொரு சோதனை அறிக்கையும், ஊழியர்களோட கைப்பேசிச் செய்திகூட. ஒரு காகிதம் தொலையாது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஆதாரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கு."

ஒரு காகிதம் தொலையாது.

ரோவீனாவுக்குப் பின்னால், பார்வையாளர் இருக்கையில், டார்லா பையை மடியில் சரிசெய்தாள். உள்ளே ஓட்ஸ் சரிந்து சலசலத்தது. உள்ளே விதை போட்ட மூங்கில் குழாயைச் சாய்த்தால் வருமே, அந்தச் சத்தம்.

போன மாசமே தேதி முடிஞ்சிருச்சு.

கல்லூரியில் இரண்டு கோடைக்காலம் ரோவீனா ஓர் உணவு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்திருந்தாள். எல்லா ஆலைகளிலும் ஒரே பழக்கம்தான். ஒவ்வொரு முறை அரைத்து முடிக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, தேதி ஒட்டி, ஓர் அறையில் வைத்துவிடுவார்கள். யாராவது புகார் சொன்னால் எடுத்துப் பார்ப்பதற்காக. பெட்டியின் தேதி முடிந்ததும் அந்த மாதிரிக்கும் ஆயுள் முடிந்தது. தட்டுத் தட்டாக இழுத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டியது ரோவீனாதான். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜூனி ஆஸ்பத்திரியில் இருந்த குளிர்காலத்து ஓட்ஸுக்கு எப்போது தேதி முடியும்? மனதுக்குள் கணக்குப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள்.

"மிஸ் பெல்ட்ரான், உங்க ரெண்டு நிமிஷம்."

கில் இன்னொரு சீட்டு நகர்த்தினார். அவள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"காகிதமெல்லாம் பத்திரமா இருக்குன்னு மிஸ்டர் ட்ராப் சொன்னாரு. நம்புறேன். ஓட்ஸ் இருக்கா?"

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்க?"

"ஆலையில ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் மாதிரி எடுத்து வைப்பாங்க, யுவர் ஆனர். தேதி முடிஞ்சா தூக்கிப் போட்டுருவாங்க. எங்க கட்சிக்காரங்க வாங்கின பெட்டிக்குப் போன மாசம் தேதி முடிஞ்சிருச்சு. அந்த மாதிரிங்க இப்ப எங்க இருக்குன்னு தெரியணும்."

ட்ராப் மெல்லப் புன்னகைத்தார். "ஒப்பந்தத்துல அப்படி எதுவும் இல்ல, யுவர் ஆனர். ஆவணங்கள், மின்னணுப் பதிவுகள், அவ்வளவுதான். மிஸ்டர் ஆஸ்ட்ராண்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

ரோவீனா திரும்பிப் பார்க்கவில்லை. கில்லின் காது எந்த நிறத்தில் இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. அவர் மட்டும் என்ன செய்வார்? அந்தக் கட்டடத்தில் எந்த வழக்காக இருந்தாலும் நீதிமன்றம் வெளியிட்ட அதே முன்மாதிரி ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் பெயரை மாற்றிப் போடுவார்கள். பதினைந்து பக்கம். மின்னஞ்சலை எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதற்கே மூன்று பக்கம். தானியத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வங்கி வழக்குக்கும் அதுதான், ஓட்ஸ் வழக்குக்கும் அதுதான். அவளே அதைத் தட்டச்சு செய்திருந்தாள். அவளுக்கும் தோன்றவில்லை.

"அந்த முன்மாதிரி ஒப்பந்தத்த எழுதின குழுவுல நானும் இருந்தேன்," என்றார் நீதிபதி. "மிஸ்டர் ட்ராப், மாதிரி ஓட்ஸ் இருக்கா இல்லையா?"

ட்ராப்பின் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் ஆள் அதற்குள் இல்லை. பின்வரிசைக்குத் திரும்பிக் குனிந்தார். மிஸ் ஃபென்விக் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள்.

"எனக்கு இப்ப தெரியல, யுவர் ஆனர்."

"ஆலை எங்க இருக்கு?"

"அயோவால."

"அங்க மதியச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருக்கும். போன எடுப்பாங்க. கேட்டுட்டு வாங்க. பதினஞ்சு நிமிஷம் இடைவேளை."

*

நடைபாதையின் ஒரு கோடியில் மிஸ் ஃபென்விக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். மறு கோடியில் மூவரும் நின்றார்கள். ரோவீனாவால் நிற்க முடியவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்பினாள்.

"மேலோட்டமா படிச்சுட்டுப் போட்ட கையெழுத்து," என்றார் கில். "நாப்பது வருஷம் வக்கீலா இருந்து, சாப்பாட்டு கேசுல சாப்பாட்ட மறந்திருக்கேன். என் பொண்டாட்டிக்கு இது தெரியவே கூடாது."

"என்ன நடக்குது கண்ணு?" என்றாள் டார்லா. "ஒரு நேரம் தூங்கி வழிஞ்சாங்க, இப்ப எல்லாரும் ஓடுறாங்க."

ரோவீனா சொன்னாள். ஜூனி சாப்பிட்ட அதே அரைவையிலிருந்து எடுத்து வைத்த ஓட்ஸ் ஆலையில் இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். டார்லா கேட்டுக்கொண்டே பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் ரோவீனா. "வழக்க நிறுத்தக் கூடாதுன்னு சண்டை போட்டா தோப்போம். அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்க. நிறுத்துங்கன்னு நாமளே விட்டுக் கொடுத்துட்டு, பதிலுக்கு அந்த ஓட்ஸக் கேக்கலாம்."

"இரு இரு," என்றார் கில். "நிறுத்தக் கூடாதுன்னு முப்பது பக்கம் எழுதிக் கொடுத்துட்டு, வாதத்துக்கு நடுவுல சரண்டர் ஆகறதா? இவங்க ஒருத்தங்க கேஸ் இல்லம்மா இது. வாங்கின அத்தனை பேரோட கேஸ்."

"அத்தனை பேருக்கும் அந்த ஓட்ஸ்தான் கில் ஆதாரம். அது போச்சுன்னா மூணு வருஷம் கழிச்சு எழுந்து உட்கார்ந்து மின்னஞ்சல் படிச்சுக்கிட்டு இருப்போம்."

இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் மறுத்துப் பேசியதில்லை. இருவருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

டார்லா ஒருவரையும் மற்றவரையும் பார்த்தாள். "இன்னைக்குப் பேசறது யாரு?"

"இவதான்," என்றார் கில்.

"அப்ப இவ சொல்றபடி. பேருந்துல ஸ்டியரிங் பிடிச்சவங்க சொல்றதுதான் சட்டம்."

நடைபாதையின் மறு கோடியில் மிஸ் ஃபென்விக்கின் இன்னொரு கை நெற்றிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. ரோவீனா அதைப் பார்த்தாள். இருக்கிறது என்று அர்த்தமா, போய்விட்டது என்று அர்த்தமா?

*

"இருக்கு, யுவர் ஆனர்," என்றார் ட்ராப்.

ரோவீனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருக்கு. அந்தக் குளிர்காலத்து ஆரம்ப மாதிரிங்க முன்னாடியே போயிருச்சு. பின்னாடி அரைச்சது இன்னும் இருக்கு. போன மாசம் தேதி முடிஞ்சதையெல்லாம் இந்த வாரம் எடுத்து வெளியே அடுக்கியிருக்காங்க."

"வெளியேன்னா?"

"வண்டி ஏத்துற மேடையில."

"எந்த வண்டி?"

ட்ராப் தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வண்டி வரும். பக்கத்துல ஒரு பன்றிப் பண்ணை இருக்கு. அவங்க தீவனத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க."

"வெள்ளிக்கிழமைன்னா நாளைக்கு."

"ஆமா, யுவர் ஆனர்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நாம இங்க உட்கார்ந்து நிபுணருங்க சொல்லட்டும், சொல்லட்டும்னு பேசிக்கிட்டு இருக்கோம். அங்க பன்றிங்க விசாரணைய முடிச்சிரும் போல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிமன்ற எழுத்தர் குனிந்துகொண்டாள்.

"அதையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டோம்," என்று ட்ராப் அவசரமாகச் சொன்னார். "நாங்களாவே பத்திரமா வச்சுக்கறோம். வழக்கு எழுந்திரிக்கும்போது பாத்துக்கலாம்."

"மிஸ் பெல்ட்ரான்?"

ரோவீனா எழுந்தாள். குறிப்புகளை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

"வழக்க நிறுத்தி வைங்க, யுவர் ஆனர். இனிமே நாங்க எதிர்க்கல."

ட்ராப் தலையைத் தூக்கினார். அவர் நிதானம் முதல் முறையாகக் கொஞ்சம் கலைந்தது.

"ஆனா நிறுத்தறதுன்னா எல்லாத்தையும் நிறுத்தணும். எங்க வழக்கு மட்டும் நின்னு அவங்க வண்டி ஓடக் கூடாது. அப்புறம், மூணு வருஷம் மூட்டையில கட்டி வச்சா ஓட்ஸ்ல வண்டு விழும். வண்டு சாட்சி சொல்லாது. அதனால பிரிச்சுப் பாக்கறத இப்பவே பண்ணணும்."

"அதையேதான் வாரியம் யோசிச்சுக்கிட்டு இருக்கு," என்றார் ட்ராப். "எப்படிச் சோதிக்கறதுன்னே தெரியாம எதச் சோதிக்கறது?"

ரோவீனா அவரைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தே சொன்னாள்.

"எப்படி எண்ணணும்னு வாரியம் சொல்லட்டும். சராசரி பாக்கணுமா, ஒவ்வொண்ணா பாக்கணுமா, அவங்க இஷ்டம். ஆனா எண்ணுறதுக்குப் பொருள் இருக்கணும். அதுல பார்லி கிடக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு வழிகாட்டுதல் வேண்டாம், யுவர் ஆனர். அது இன்னைக்கும் அங்கதான் கிடக்கும், வாரியம் பேசின பிறகும் அங்கதான் கிடக்கும். பன்றி தின்னாத வரைக்கும்."

நீதிபதி எழுதினார். எழுதி முடிக்கும் வரை அறையில் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது.

"வழக்கு ஆறு மாசம் நிறுத்தி வைக்கப்படுது," என்றார் நீதிபதி. "ஆறு மாசத்துல வாரியம் பேசலைன்னா, அவங்க இல்லாமயே நாம பேசுவோம். மாதிரிங்க அத்தனையும் இன்னைக்கே சீல் வைக்கணும். முப்பது நாளுக்குள்ள ரெண்டு பக்கத்து ஆளுங்க முன்னாடியும் மூணு பங்கா பிரிக்கணும். ஒண்ணு நிறுவனத்துக்கு, ஒண்ணு வாதிக்கு, ஒண்ணு இந்த நீதிமன்றத்துக்கு. அவங்கவங்க பங்க அவங்கவங்க சோதிச்சுக்கலாம். போயிட்ட மாதிரிங்களப் பத்தி அப்புறம் தனியா பேசறேன், மிஸ்டர் ட்ராப். அது சின்னப் பேச்சா இருக்காது." எழுந்தவர் பாதியில் நின்றார். "மிஸ் பெல்ட்ரான், இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வாதாடியிருக்கீங்க?"

"இதுதான், யுவர் ஆனர்."

"ம்," என்றார். அவர் முகம் சிரிக்கவில்லை. ஆனால் கதவு வரை போகும்போது நடை கொஞ்சம் துள்ளியது போல ரோவீனாவுக்குத் தோன்றியது.

*

"தோத்துட்டோமா?" என்றாள் டார்லா, லிஃப்ட் அருகில்.

"தோத்துட்டோம்," என்றாள் ரோவீனா.

"பின்ன ஏன் ரெண்டு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

கில் மஞ்சள் ஒட்டுக்காகிதக் கட்டை ரோவீனாவின் கையில் வைத்தார். "இனிமே இது உனக்கு. எனக்கு நீ எழுதிக் கொடு." கைப்பேசியை எடுத்துக்கொண்டு விலகிப் போனார். அயோவாவில் சீல் வைக்கிற இடத்தில் நிற்பதற்கு இன்று மாலைக்குள் ஓர் ஆள் வேண்டும்.

டார்லா லிஃப்ட் பொத்தானை அழுத்தவில்லை. பைக்குள் கைவிட்டு அந்தப் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"இது லேபிள் காட்டக் கொண்டு வந்ததில்ல கண்ணு."

ரோவீனா பார்த்தாள். மூடி ஒட்டியபடியே இருந்தது. ஒரு பக்கத்தில் நெகிழித் தாள் கிழிந்த தடம்.

"மொத்தக் கடையில ரெண்டு பெட்டிய ஒட்டி விப்பாங்கல்ல. ஒண்ணு ஜூனி சாப்பிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போன வாரம். இது இன்னொண்ணு."

"ஒன்றரை வருஷமா உங்ககிட்டயா இருந்துச்சு?"

"துணி அலமாரியில. போர்வைக்கு அடியில."

"முதல் நாளே கேட்டேனே டார்லா. பெட்டி ஏதாவது மிச்சம் இருக்கான்னு."

"இல்லன்னு சொன்னேன்." டார்லா பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பிரிச்சுப் பாத்து இது சுத்தமா இருந்துட்டா? அப்ப நான்தானே. ஒவ்வொரு தடவை நீங்க கூப்பிடும்போதும் எடுத்துட்டு வருவேன். திரும்ப எடுத்துட்டுப் போயிருவேன். மூணு தடவை இது சான் பிரான்சிஸ்கோ பாத்திருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்கு நீ எழுந்து, இருக்கறது அங்கதான் கிடக்கும்னு சொன்னியே. சரி, கிடக்கட்டும், பாத்துருவோம்னு தோணுச்சு. இந்தா."

பெட்டியை நீட்டினாள். ரோவீனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என் கையில கொடுக்காதீங்க."

"ஏன், கோவமா?"

"இல்ல இல்ல. நான் தொட்டா நானும் சாட்சி ஆயிருவேன். சாட்சி ஆயிட்டா உங்களுக்கு வாதாட முடியாது. நீங்களே வச்சுக்கங்க. கீழ வைக்காதீங்க. யார்கிட்டயும் கொடுக்காதீங்க." பேசப் பேச வேகம் கூடியது. "ஓக்லாண்டுல ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. ஒரு மணி வரைக்கும் வாங்குவாங்க. இன்னைக்கே சீல் போட்டு உள்ள வச்சிருவாங்க. புளூ சைலோ ஆளு முன்னாடிதான் பிரிப்பாங்க. நீங்க கொடுக்கறத நான் தள்ளி நின்னு பாப்பேன். உங்க வண்டி எங்க இருக்கு?"

"ரெண்டு தெரு தள்ளி."

இருவரும் லிஃப்டில் கீழே இறங்கினார்கள். வாசலில் அதே காவலர் நின்றிருந்தார்.

"இன்னுமா சாப்பிடல?" என்றார்.

"பெரிய எடத்துல விருந்து," என்றாள் டார்லா.

அவளுடையது பழைய பிக்கப் வண்டி. முன்னிருக்கையின் நடுவில் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பு வாரை இழுத்து அதைச் சுற்றிப் போட்டுப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பள்ளிக் குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. ரோவீனா கதவோரம் ஒதுங்கி, பெட்டியில் முழங்கைகூடப் படாமல் உட்கார்ந்தாள்.

பாலத்தில் ஏறும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வளைகுடா வெயிலில் தகதகத்தது. டார்லா மெதுவாகப் போகிற வண்டிகளுக்கான வலது ஓரத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேகத்தில் ஓட்டினாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவன் கடந்து போகும்போது கையை ஆட்டித் திட்டினான். டார்லா கண்ணாடியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், பெட்டியை ஒரு முறை பார்த்தாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஓட்ஸ் உள்ளே சலசலத்தது.

ரோவீனாவின் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"டார்லா," என்றாள். "இன்னும் கொஞ்சம் வேகமா போலாமே."

டார்லா உதட்டை மடித்துக்கொண்டாள். பிறகு இடது பக்க விளக்கைப் போட்டு, தடம் மாறி, மிதித்தாள்.